அயோத்தி யாத்திரை என்று 46,500 ரூபாய் போச்சு: ஊத்தங்கரை, அரூர் பக்கத்து ஆட்கள் ஒரு நிமிஷம் படித்துவிட்டுப் போங்கள்

ஜோலார்பேட்டையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பி இன்றோடு நான்கு நாள். இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 46,500 ரூபாய். அதில் பெரும்பங்கு, அம்மா ஒற்றை மாட்டை வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றிச் சேர்த்த காசு.

பெயர் போடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் போடாதே என்று தம்பி சொல்கிறான். ஆனால் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லலாம் அல்லவா? பஸ் ஸ்டாண்டு ஓரம், செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு மேஜை, சுவரில் பெரிய ராமர் பட்டாபிஷேகப் படம், அதற்கு எரியும் சீரியல் பல்பு. ஊர் ஊராக வாட்ஸ்அப் குழு. யாத்திரை கூட்டிப் போகிறவர்.

முதலில் பார்த்தது கடையில் இல்லை, தீர்த்தமலையில். போன வைகாசி. அம்மாவுக்கு ஒரு வழக்கம், முதலில் அனுமந்தீர்த்தத்தில் பெண்ணையாற்றில் முழுக்குப் போட வேண்டும், அப்புறம்தான் மலை ஏற வேண்டும். கதை நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ராவணனை வதம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் ராமர் இங்கே சிவபூஜைக்கு உட்கார்ந்தார். கங்கைத் தண்ணீருக்காகக் காசிக்குப் போன அனுமார் வந்து சேரவில்லை. பூஜை நேரம் தவறுகிறதே என்று ராமர் பாறையில் அம்பு விட, தண்ணீர் அங்கேயே பீறிட்டது. அதுதான் ராமர் தீர்த்தம். தாமதமாக வந்த அனுமார் கோபத்தில் விசிறிய கங்கைத் தண்ணீர் விழுந்த இடம் அனுமந்தீர்த்தம்.

அந்த ராமர் தீர்த்தத்தடியில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். காவி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. படியேறி மூச்சு வாங்கிய அம்மாவுக்குக் கை கொடுத்து உட்கார வைத்தார். உச்சியிலிருந்து நூலாக இறங்கும் தண்ணீரை எங்கள் பாட்டிலில் பிடித்து, மூடியைத் துடைத்து மூடிக் கொடுத்தார். இதே கதையை என்னைவிட அழகாகச் சொன்னார். பிறகு, "இங்க அம்பு விட்டவரு பொறந்த ஊரை ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்மா" என்றார். அயோத்தி, பரதன் பாதுகையை வைத்து ஆண்ட நந்திகிராமம், குகன் ஓடம் விட்ட சிருங்கிபேரம், சித்திரகூடம், பிரயாகை, காசி என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். ஒரு இடமும் தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் இப்போது எரிகிறது.

நான் முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். "பணம் கெடக்குதுங்க. அம்மா மனசு ஒத்து வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். விழுந்தது அந்த இடத்தில்தான். பணம் வேண்டாம் என்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

தலைக்கு 23,250. ஜூன் 14-ஆம் தேதி ஜிபேயில் 20,000 போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே, "அக்டோபர் 24-க்கு டிக்கெட் எடுத்தாச்சுங்க, ஸ்லீப்பர், அம்மாவுக்குக் கீழ் பெர்த்" என்று குரல்செய்தி வந்தது. அம்மா அதை நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் பாதியாக்கிவிட்டார்கள். ஜூனில் அக்டோபர் டிக்கெட்டை எந்தக் கொம்பனும் எடுக்க முடியாது. முதல் நாளே பச்சைப் பொய். இதை நான் தெரிந்துகொண்டது எப்போது? நேற்று.

செப்டம்பரில் நிஜமாகவே ஒரு பிஎன்ஆர் (டிக்கெட்டின் பதிவு எண்) அனுப்பினார். போட்டுப் பார்த்தேன், கன்ஃபார்ம் என்று காட்டியது. அந்தத் தெம்பில் மாடிக்குப் போய் மீதி 26,500-ஐ ரொக்கமாகக் கொடுத்தேன். நோட்டை வாங்கி எண்ணவே இல்லை, பட்டாபிஷேகப் படத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டார். ரசீது கேட்கக் கூச்சமாகப் போய்விட்டது எனக்கு. எழுதும்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

24-ஆம் தேதி. நம் கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, ஆகவே பஸ் பிடித்துத் திருப்பத்தூர் வழியாக ஜோலார்பேட்டை. அங்கே போனால் எங்களைப் போலவே இன்னும் ஒன்பது பேர் நிற்கிறார்கள். சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு வயதான தம்பதி, முறுக்கு டப்பாவும் கம்பளியுமாக. அம்மா கையில் ஒரு பித்தளைச் சொம்பு. ராமர் தீர்த்தம், வாயில் மஞ்சள் துணி கட்டி, துணிக்கு மேல் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு. அயோத்தியில் சரயு ஆற்றில் ஊற்றுவதற்காக.

ஏற்பாட்டாளரைக் காணோம். போன் ஸ்விட்ச் ஆஃப். சந்தேகப்பட்டு விசாரணைக் கவுன்ட்டரில் பிஎன்ஆரைக் காட்டினால், "கேன்சல் ஆன டிக்கெட்மா இது" என்கிறார்கள். பதினோரு பேருக்கும் அதே பதில். டிக்கெட்டை எடுத்துக் காட்டி, மீதிப் பணத்தைக் கறந்துகொண்டு, அப்புறம் ரத்து செய்திருக்கிறான். எடுத்தவன் கணக்குக்கே ரீஃபண்டும் போய்விடும். (இனி அவன்தான். மரியாதை வரமாட்டேன் என்கிறது.)

ரயில் வந்தது. எங்கள் எஸ்-4 பெட்டி எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அம்மாவுடைய 33-ஆம் நம்பர் ஜன்னலில் ஒரு பையன் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் கிளம்பிப் போனது.

அப்புறம் நடந்த கூத்து. அன்று ராத்திரி போனை எடுத்தான், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ட்ரிப்ஸ் ஏறுகிறது என்றான். மறுநாள், "சென்னை ஏஜென்டு என்னையே ஏமாத்திட்டான், நானும் உங்கள மாதிரி பாதிக்கப்பட்டவன்தான்". மாடிக்குப் போனால் பூட்டு. கீழே செல்போன் கடைக்காரர், "வாடகைக்கு இருந்தாருங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். மூன்றாம் நாள் அம்மாவே பேசினார். அம்மாவிடம் அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "ராமருக்குக் குடுத்ததா நெனச்சுக்கங்கம்மா." 46,500 ரூபாயை! ராமருக்கு!

அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "காசிக்குப் போன அனுமாரே நேரத்துக்கு வந்து சேரல, விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், ஆகவே சுருக்கமாக. 60 நாள் கணக்கை மறக்காதீர்கள். பிஎன்ஆரை ஒரு தடவை பார்த்தால் போதாது, கிளம்புகிற அன்று வரை தினமும் பாருங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள், ரசீது கேட்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் கணக்கில் விஐபி தரிசனம் என்று தலைக்கு 1,500 சேர்த்திருந்தான், அயோத்தியில் தரிசனத்துக்குக் கட்டணமே இல்லை. ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நான் மூன்று நாள் வீணாக்கிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாதாம், சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்கிய கையோடு அங்கேயும் போகப் போகிறேன். அந்த ஒன்பது பேரில் யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து கூட வாருங்கள், தனியாகப் போனால் மதிக்க மாட்டார்கள்.

இவ்வளவு அவசரமாகப் பதிவு போடக் காரணம் இருக்கிறது. இன்று காலை அம்மா போனில் டிங் என்று ஒரு செய்தி. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டான், அம்மாவை நீக்க மறந்துவிட்டான் போல. அதே பட்டாபிஷேகப் படம், புது நம்பர்: "மார்கழி சேது யாத்திரை. தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி. நபருக்கு 4,800 மட்டுமே. இன்னும் 6 இடங்கள்தான் உள்ளன."