ஆவுளியாவிடம் தோற்ற வெசாக் ஓர்கிட்: ஒரு சீட்டுக்கட்டு பற்றி

வெள்ளவத்தையில், காலி வீதியோரப் புத்தகக் கடையொன்றில், இலங்கையின் அரிய உயிரினங்களைக் கொண்ட சீட்டுக்கட்டு ஒன்றைப் பாடசாலை விடுமுறைக்கென 950 ரூபாவுக்கு வாங்கினேன். ஆளுக்கொரு சீட்டை இறக்கி, நிறை, நீளம், ஆயுள் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவருக்கே இரண்டு சீட்டுகளும் சேரும்.

முதல் நாளே மருமகனின் கையில் ஆவுளியா என்னும் கடற்பசுவும் என் மகளின் கையில் வெசாக் ஓர்கிட்டும் வந்தன. அவன் "நிறை, 400 கிலோ" என்றான். மகளின் சீட்டில் நிறைக்கு நேரே சிறு கோடு ஒன்றுதான் இருந்தது. "அம்மா, பூவுக்கு நிறையே இல்லையா?" என்று கேட்டாள். 3 மீற்றர் வரை வளர்ந்து 70 ஆண்டுகள் வரை வாழக்கூடிய கடல் விலங்கையும் மரக்கிளையில் ஒட்டி வளரும் செடியையும் ஒரே தராசில் ஏற்றியதே இந்த ஆட்டத்தின் பெரிய கோளாறு.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆவுளியா ஒரு குட்டியை ஓராண்டுக்கு மேல் சுமந்து, அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. ஓர்கிட்டின் தூசு போன்ற விதையிலோ சேமித்த உணவு இல்லாததால், உரிய பூஞ்சை துணைக்கு வந்தாலன்றி அது முளைக்காது. ஆவுளியா கிழக்காபிரிக்கா முதல் பசுபிக் தீவு நாடான வனுவாட்டு வரை பரந்து வாழ்கிறது. வெசாக் ஓர்கிட்டுக்கோ நம் தென்மேற்கு ஈரவலயக் காடுகளை விட்டால் உலகில் வேறு இயற்கை வாழிடம் கிடையாது. இவற்றில் ஒன்றுகூடச் சீட்டில் இல்லை. ஆகவே "பரவல் குறைந்ததே வெல்லும்" என்று வீட்டில் ஒரு விதியைச் சேர்த்தோம். அன்று மாலை ஆவுளியா முதன்முறையாகத் தோற்றது.

அச்சும் அட்டையும் தரமானவை. ஓர்கிட்டின் வெளிர் ஊதா இதழ்களும் தொங்கும் தண்டும் அச்சொட்டாக வந்துள்ளன. ஆவுளியாவுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது: டொல்பினைப் போல் பிளந்திருக்க வேண்டிய வால், துடுப்புப் போல வட்டமாக வரையப்பட்டிருக்கிறது. அது ஆவுளியாவின் உறவினமான, நம் கடலிலேயே இல்லாத மனாட்டியின் வால். பெயரும் "கடற்பசு" என்று மட்டுமே உள்ளது. மன்னாரில் வழங்கும் "ஆவுளியா"வையும் அருகில் இட்டிருக்கலாம்.

ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவர் கூட இருந்தால், வாங்கிக் கொடுக்கலாம். எங்கள் சீட்டில் மகள் கறுப்புப் பேனையால் வாலைப் பிளந்துவிட்டாள்.