பழைய டிரெய்லர் லாரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: இன்ஜினில் மட்டும் எனக்கு 4,60,000 ரூபாய் போச்சு

4,60,000 ரூபாய். வண்டி விலை இல்லை, வாங்கின வண்டியின் இன்ஜினைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கொடுத்த காசு. பட்டறை பில் இப்போதுதான் கைக்கு வந்தது. ஆத்திரம் அடங்குவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாங்கின அதே யார்டில் இன்றைக்கும் யாரோ ஒருத்தர் அட்வான்ஸ் போட்டுக்கொண்டிருப்பார்.

விற்றது பழைய லாரிகளை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளம். சொந்தமாக யார்டும் உண்டு. வழக்குக்குப் போவதால் பெயர் போடவில்லை. வண்டிக்கு வண்டி பரிசோதனை அறிக்கை, ஆறு மாத இன்ஜின் வாரண்டி என்றெல்லாம் விளம்பரம். நான் பார்த்தது 2018 மாடல், பிஎஸ்4 (அப்போதைய புகை விதிப்படி வந்தது), ஆறு சிலிண்டர், டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற காமன் ரெயில் இன்ஜின். மீட்டரில் 4,10,000 கிலோமீட்டர். விலை 17 லட்சம்.

"காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் கோளாறு தெரியும். போய்த் தொட்டால் இன்ஜின் வெதுவெதுவென்று இருக்கிறது. கேட்டதற்கு, "வேற வண்டி எடுக்கறதுக்காக இதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துனோங்கண்ணா" என்றான் அங்கிருந்த பையன். அப்புறம் அவனே கேபினைத் தூக்கினான், ஸ்டார்ட் செய்தான், ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து, என் கையைப் பிடித்து வாயின் மேல் வைத்தான். தேய்ந்த இன்ஜின் என்றால் அந்த வாயில் புகையும் காற்றும் தள்ளும், அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். புகை இல்லை, கையைத் தள்ளவும் இல்லை. "பாருங்கண்ணா, பேக் கம்ப்ரஷன் துளி இல்லை. கம்பெனி இன்ஜின், ஸ்பேனரே படலை. எங்கப்பாவுக்கு வாங்குனாலும் இதைத்தான் வாங்குவேன்." முத்திரை குத்தின அறிக்கையையும் நீட்டினான். இன்ஜின்: மிக நன்று. அப்பா பெயரைச் சொல்லி ஒருத்தன் இப்படிப் பொய் சொல்லுவான் என்று யார் நினைப்பார்கள்? பணத்தைக் கட்டினேன்.

காலியாக ஓட்டினவரை ஒரு குறையும் தெரியவில்லை. சேலத்தில் இரும்புத் தகட்டுச் சுருள் (காயில்) ஏற்றி ஓசூர் கிளம்பினோம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது, இன்ஜின் உள்காற்று வெளியேறுகிற பிரீதர் குழாயில் நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. அடியில் தட்டுகிற சத்தம் கேட்டதும் டிரைவர் ஓரங்கட்டி அணைத்துவிட்டார். அங்கிருந்து சங்ககிரிப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தோம்.

இன்ஜின் அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பைக் கழற்றினபோது ஆயில் ஒழுகவில்லை, பாகு மாதிரி இறங்கியது. கெட்டி ஆயிலோடு ஏதோ மருந்தும் கலந்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது புகையும் சத்தமும் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்றார் மெக்கானிக். பிறகு கிராங்க்கைச் சுற்றிப் பிடிக்கிற ஒரு பிக்எண்ட் பேரிங் செல்லைத் துடைத்துத் திருப்பிக் காட்டினார். முதுகில் 0.50 என்று அடித்திருந்தது. "கம்பெனி செட்டுல இந்த நம்பர் வராதுங்க. கிராங்க்கை அரை மில்லி அரைச்சிருக்காங்க." ஸ்பேனரே படாத இன்ஜினாம்! பிஸ்டன் ஏறி இறங்குகிற லைனரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு டப்பா: புகையைச் சுத்தப்படுத்த ஊற்றுகிற யூரியாத் திரவம் தீர்ந்தாலும் நிறைய இருப்பதாக மீட்டரை ஏமாற்றுகிற டப்பா. ஸ்கேனர் மாட்டினால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம்மில் 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். கிராங்க், லைனர் பிஸ்டன், ஹெட் வேலை, டர்போ, இழுவைக் கூலி எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய்.

போன் செய்தால் முதலில் "கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டிருக்கோம் சார்". அடுத்து, "தேய்மானம் வாரண்டியில வராது". அப்புறம், "நீங்க ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க". எடைமேடை ரசீதை அனுப்பினேன், அளவுக்குள்தான் இருந்தது. உடனே, "வெளிப் பட்டறையில இன்ஜினைத் திறந்துட்டீங்க, இனி வாரண்டி கிடையாது". திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? திறப்பதற்கு முன்பு ஆள் அனுப்புங்கள் என்று நான் கெஞ்சின செய்திகள் எல்லாம் நீல டிக்கோடு அப்படியே இருக்கின்றன. அப்பாவுக்கு வாங்குவேன் என்ற பையன் போனையே எடுப்பதில்லை. கடைசியாகப் பேசின மேலாளர், "பழைய வண்டின்னா அப்படித்தாங்க" என்று வைத்துவிட்டார். வண்டி நின்றாலும் வண்டிக் கடன் டியூ நிற்கவில்லை. 4,60,000 ரூபாய்க்கு மேல் அந்த வட்டி வேறு.

எந்த இன்ஜின் நம்பகமானது என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும்.

கம்பெனி பெயரை விட உங்கள் ஊர்ப் பட்டறை எந்த இன்ஜினைத் திறந்து வேலை பார்க்குமோ அதுதான் முக்கியம். 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடைப்பட்ட பிஎஸ்4 வண்டிகளில் யூரியா போடுகிற வகையும் உண்டு, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வைத்துப் பழைய மாதிரி இன்லைன் டீசல் பம்போடு வந்த வகையும் உண்டு. இரண்டுக்கும் பராமரிப்பு வேறு வேறு. எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிஎஸ்6 என்றால் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப்பும் சேர்ந்துவிடும், சென்சார் விலையை முதலிலேயே விசாரியுங்கள்.

இன்ஜின் சூடாக இருந்தால் பேசாமல் திரும்பி வாருங்கள். உங்கள் மெக்கானிக்கை, உங்கள் ஸ்கேனரோடு கூட்டிப் போங்கள். லோடோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விடாதவனிடம் வாங்காதீர்கள். பிளாக்கில் உள்ள இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: லாரி வணிக வாகனம், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். கழற்றின பேரிங், லைனர் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. என்னுடையதைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எடுத்துப் போகிறேன்.