இரட்டைப் பிள்ளைக்கு ஆள் தேடியபோது: தஸ்காவா, ஏஜென்ட் பணிப்பெண்ணா, தாமான் பெரியம்மாவா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இரட்டைப் பிள்ளையோடு கடைத்தெருவுக்குப் போனால் வழிமறித்துக் கேட்பார்கள்: "யாரு முதல்ல வந்தது?" நாலு நிமிஷ இடைவெளி, பதில் கைவசம் இருக்கிறது. அடுத்தது, "நீ வேலைக்குப் போனா யாரு பாத்துக்கறா?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஆனது.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. மாமியாருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன; ஒரு பிள்ளை என்றால் சமாளித்திருப்பார். என் அம்மா ஏற்கெனவே தங்கை பிள்ளையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆக, சம்பளத்துக்குத்தான் ஆள்: தஸ்கா என்கிற குழந்தைக் காப்பகம், ஏஜென்ட் வழி வரும் பணிப்பெண், இல்லை தாமானில் (குடியிருப்பில்) பிள்ளை பார்க்கும் ஒரு பெரியம்மா. பிரசவ விடுப்பு 98 நாள். 2023க்கு முன்பு பெற்றவர்களுக்கு அதுவும் 60 நாள்தான்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். டவுனில் உள்ள தஸ்காவில் பிள்ளைக்கு மாதம் 420 வெள்ளி (ரிங்கிட்), இரண்டுக்கு 840. இரட்டை என்று பத்து வெள்ளிகூடக் குறைக்கவில்லை. இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு மாதம் 1,500க்குக் குறையக்கூடாது; 2022 ஏப்ரலில் இரண்டு நாடும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு முதலிலேயே கட்டும் தொகை தனி. எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும் பெரியம்மாவுக்கு நாங்கள் கொடுப்பது 1,300. ஆக, இந்த மூன்றில் மலிவு தஸ்காதான். பதிவு பெற்ற தஸ்காவுக்குக் கட்டும் பணத்தில் 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு. ஆனால் இரட்டை என்பதற்காக அது ஆறாயிரம் ஆகாது. என் சம்பளத்துக்கு வரும் வரியைப் பார்த்தால் அந்தக் கழிவால் ஒரு பால் டின் வாங்கலாம்.

முதலில் தஸ்காவுக்குத்தான் போனோம். அதைக் குறை சொல்லியே தீரவேண்டும் என்று எனக்கு இல்லை. சமூக நலத்துறையின் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கியது, கேட்டு பூட்டியிருந்தது, தரை பளிச்சென்று இருந்தது. ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி, அங்கே அப்படியே வைத்திருந்தார்கள். நாலு பிள்ளையிலிருந்துதான் பதிவு கட்டாயம். பெரியம்மா மாதிரி இரண்டே பிள்ளை பார்ப்பவரைச் சட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உறுத்தல்தான்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் சாயந்தரம் வந்து பார்த்தால் சின்னவள் காரில் ஏற்றியதும் விரலைக் கடித்து அழுகிறாள். பெரியவள் கக்கிக்கொண்டே இருக்கிறாள். ஏட்டில் இருவருக்கும் மூன்று மணிப் பால் டிக் போட்டிருந்தது. ஒரே ஜாடை, ஒரே சட்டை. ஒருத்திக்கே இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். சட்டை எடுத்துக் கொடுத்தது நான், அதனால் பாதித் தப்பு என்னுடையது. மறுநாளிலிருந்து வேறு வேறு நிறம் போட்டு அனுப்பினேன். இதற்காகவெல்லாம் யாரும் தஸ்காவை விடமாட்டார்கள், நானும் விடவில்லை.

விட்டது லீவால். இரட்டைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் சம்பளத்தை விட்டுவிட்டு லீவை எண்ணவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

என் சர்வீசுக்கு வருஷ லீவு 12 நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்கு எம்சி (மருத்துவ விடுப்பு) கிடையாது. எம்சி நமக்கு உடம்பு முடியாமல் போனால் மட்டும்தான். அரசு கிளினிக் ஊசி 2, 3, 4, 5, 6, 9, 12ஆம் மாதங்களில். முதல் இரண்டும் பிரசவ விடுப்புக்குள் முடிந்துவிடும், மீதி ஐந்தும் நம் கணக்கில். ஒரு பிள்ளை என்றால் அரை நாளில் தப்பிக்கலாம். இரண்டு ரோஸ் நிறச் சுகாதாரப் புத்தகம், இரண்டு எடை, இரண்டு அழுகை, சாயந்தரம் இரண்டுக்கும் சுடு என்றால் முழு நாள் போனது.

ஏப்ரல் கடைசியில் வேலைக்குத் திரும்பினேன். மே மாத ஊசிக்கு ஒரு நாள். அதே மாதம் தஸ்காவில் கை கால் வாய் நோய் வந்து பத்து நாள் மூடிவிட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை, மூடத்தான் வேண்டும். வேலை நாள் கணக்கில் எட்டு: மூன்று நாள் வீட்டுக்காரர், ஐந்து நாள் நான். நாலாவது நாள் சின்னவளுக்கு வாயில் புண். அவளுக்கு ஆறி, தஸ்காவும் திறந்த அன்று காலை பெரியவளின் உள்ளங்காலில் சிவப்புப் பொட்டுகள். புண்ணோடு எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். எனக்கு இன்னும் நாலு நாள். ஜூன் ஊசிக்கு ஒரு நாள். பன்னிரண்டில் பதினொன்று தீர்ந்தது. தீபாவளிக்கு முறுக்கு சுடக்கூட லீவு இல்லாமல், வருஷத்தில் இன்னும் ஆறு மாதம் மிச்சம்.

இரட்டைக்கு நோய் ஒன்றாக வராது, வரிசையில் நின்று வரும். காய்ச்சல் பிள்ளையையும் வைத்துப் பார்க்கும் ஆள் யார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தக் கேள்விக்கு ஏஜென்ட் வழிப் பணிப்பெண்ணும் பதில்தான், வீட்டிலேயே இருப்பவர் ஆயிற்றே. ஆனால் இதில் என் அனுபவம் ஒரே ஒரு வீடு, ஈப்போவில் நாத்தனார் வீடு. ஏறத்தாழ 15,000 வெள்ளி கட்டி, மருத்துவப் பரிசோதனை, பெர்மிட் என்று காத்திருந்து, ஆள் வந்து சேர்வதற்குள் அவர்கள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது. வந்த பெண் தங்கம். எல்லாருக்கும் அப்படி அமையுமா என்று ஒரு வீட்டை வைத்து நான் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒரு பெண்ணை வரவழைத்துக் கூடத்தில் படுக்கச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரியம்மா கிடைத்தது கோவிலில். தாமான் வாட்ஸ்அப்பில் போட்டதற்கு நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் கேட்ட முதல் கேள்வி "ரெண்டா?" என்பதுதான். பெரியம்மா மட்டும் "எத்தனை மாசம்?" என்று கேட்டார். ஐம்பத்தெட்டு வயது, ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அவருடைய அம்மா ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், ஆயாவாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் தாய்மார்கள் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போவார்கள். வரிசையாகப் புடவைத் தொட்டில்கள். பத்து வயதிலேயே பள்ளிக்கூடம் போகுமுன் தொட்டில் ஆட்டியவர் இவர்.

வேலைக்கு எடுக்குமுன் ஒரு வாரம் நான் வீட்டில் இருக்கும்போதே வரச்சொன்னேன். சம்பளம் இல்லாத விடுப்பு, ஆனால் விட்ட காசு வீண் போகவில்லை. ஆள் பார்க்கும் எல்லாரும் இதைச் செய்யுங்கள்: இரண்டும் ஒரே நேரத்தில் அழும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். பெரியம்மா உடனே எதையும் தூக்கவில்லை. இரண்டு மூச்சு நின்று கேட்டார். "இது பசி. அது தூக்கத்துக்கு மொனவுது." பசியைத் தோளில் போட்டுக்கொண்டார். தூக்கத்தின் தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டினார். போத்தல் சூடாகும் வரை கால் நிற்கவே இல்லை.

பெரியவளுக்கு இடது கன்னத்தில் மைப்பொட்டு, சின்னவளுக்கு வலது. போத்தலில் ரப்பர் பேண்ட் இருந்தால் சின்னவளுடையது. அதற்கப்புறம் ஒருத்தி இரண்டு தடவை குடித்தாள் என்ற பேச்சே இல்லை.

அவர் வீட்டில் விடுவதா, நம் வீட்டுக்கு வரச்சொல்வதா? அவர் வீடு என்றால் மாதம் 700 போதும் என்றார். ஒரு பிள்ளை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் அதை எடுக்கலாம். எங்களுக்கு விடியற்காலையில் இரண்டு பிள்ளை, இரண்டு பை, எட்டுப் போத்தல் என்று தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நம் வீடு என்றால் அவர் கிளினிக்குக்கும் கூட வருகிறார். ஆறாம் மாத ஊசிக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரும் பெரியம்மாவும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். நான் வேலையில் இருந்தேன். ஜூலையிலிருந்து பிள்ளை காய்ச்சலுக்காக நான் போட்ட லீவு ஒரு நாள்கூட இல்லை. 38 தாண்டினால் போன் வரும், எவ்வளவு மருந்து என்பது குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

சண்டையும் உண்டு. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டே தீருவேன் என்றார். சின்னவளுக்கு மூச்சு இழுக்கும், கூடாது என்றேன். ஒரு நாள் விரலில் தேன் தொட்டு நாக்கில் வைக்கப் போனார். ஒரு வயதுக்கு முன்னால் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கும் கிருமி பச்சைக் குடலுக்கு ஆபத்து என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. "உன்னையெல்லாம் தேன் கொடுத்துத்தான் வளர்த்தோம், கண்ணு." அடுத்த தடவை கிளினிக் மிஸியை (நர்ஸை) விட்டுச் சொல்லவைத்தேன். அன்றே தேன் போத்தல் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனது. நான் ஐந்து வருஷம் படித்த படிப்பைவிட மிஸியின் வெள்ளைச் சட்டைக்கு மரியாதை அதிகம்.

இரண்டு விஷயம் எழுத்தில் வைத்துக்கொண்டோம், வார ஓய்வும் திருவிழா லீவும். 2021 ஜூன் முதல் வீட்டு வேலைக்கு வருபவர்களையும் சொக்சோவில் (வேலையில் அடிபட்டால் உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதியவேண்டும், பதிந்திருக்கிறேன். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். குளியலறைத் தரையில் வழுக்கினால் தெரியும் எதுக்கென்று.

ஓட்டை எங்கே என்றால், அவர் ஒரே ஆள். அவர் படுத்தால் எல்லாம் படுத்தது. மகளுக்குக் கிள்ளானில் மாசி மாதம் பிரசவம், ஒரு மாதம் அங்கே போகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். போகத்தான் வேண்டும். அந்த மாதத்துக்குப் பழைய தஸ்காவிலேயே பேசி முன்பணம் கட்டிவிட்டேன். புது வருஷத்து லீவு பன்னிரண்டையும் தொடாமல் வைத்திருக்கிறேன், மைக் குப்பியையும் பையில் போட்டு அனுப்பப் போகிறேன்.