நானி சம்பளம்: கையில் காசா, 1099-ஆ, டபிள்யூ-2-வா?

அமெரிக்காவில், ஊரிலிருந்து வந்த பாட்டி விசா முடிந்து கிளம்பியதும் பல தமிழ் வீடுகளில் நானி (வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்) தேடுவார்கள். ஆள் கிடைத்துவிடும். சம்பளத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

1099-ஐ, அதாவது கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் படிவத்தை, முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எத்தனை மணிக்கு வர வேண்டும், குழந்தையை எப்போது தூங்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் சொல்வதுதானே? வரித்துறையான ஐஆர்எஸ் பார்வையில் அவர் உங்கள் ஊழியர். இருவருமாகச் சேர்ந்து ‘கான்ட்ராக்டர்’ என்று எழுதிக்கொண்டாலும் செல்லாது.

கணக்கில் காட்டாமல், வரி கட்டாமல் கையில் காசு கொடுப்பது சுலபம், ஆனால் சட்டவிரோதம். 2026-இல் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 3,000 டாலரைத் தொட்டாலே சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி உண்டு. வாரம் 600 டாலர் என்றால் ஐந்தே வாரம். மாட்டிக்கொள்ள ஆடிட் எதுவும் வர வேண்டாம். வேலை போனபின் நானி வேலையிழப்பு உதவிக்கு விண்ணப்பித்தாலே போதும்.

சரி, ஊழியராகவே வைத்து டபிள்யூ-2 (ஊழியரின் ஆண்டுச் சம்பளப் படிவம்) கொடுத்தால் எவ்வளவு கடிக்கும்? ஆண்டுக்கு 30,000 டாலர் சம்பளத்துக்கு அந்த இரண்டு வரிகளிலும் சேர்த்து உங்கள் பங்கு 7.65%, அதாவது 2,295 டாலர். மாநில வேலையிழப்பு வரியை ஒழுங்காகக் கட்டினால் மத்திய வேலையிழப்பு வரி பெரும்பாலும் 42 டாலர்தான். நானியின் பங்கும் 7.65%. அதைச் சம்பளத்தில் பிடிக்க மறந்தால் அதுவும் உங்கள் தலையில்.

இதில் கொஞ்சம் திரும்பியும் வரும். அலுவலகத்தில் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ (குழந்தைப் பராமரிப்புக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இருந்தால், 2026 முதல் குடும்பத்துக்கு 7,500 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்கலாம். 24% வரி கட்டுபவருக்கு வருமான வரியில் மட்டும் 1,800 டாலர் மிச்சம். ஆனால் படிவத்தில் நானியின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். கள்ளக்கணக்கு அங்கே உதவாது.

இதை நீங்களே செய்வதா, சம்பளக் கணக்கைப் பார்க்கும் பேரோல் நிறுவனத்திடம் விடுவதா? மத்திய வரி பெரிய வித்தையில்லை: ஒரு இஐஎன் (முதலாளிக்கான வரி எண்), ஜனவரிக்குள் டபிள்யூ-2, ஏப்ரலில் உங்கள் வருமான வரிப் படிவமான 1040-உடன் ஷெட்யூல் ஹெச் (வீட்டு ஊழியர் வரிக்கான இணைப்பு). மொத்தமாகக் கட்ட வேண்டாமென்றால் உங்கள் அலுவலகத்தில் கொடுத்த டபிள்யூ-4-ஐ (வரிப் பிடித்தப் படிவம்) மாற்றி, உங்கள் சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். தலைவலி மாநிலம்தான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, சமாளிக்கலாம். நியூயார்க் என்றால் டிசபிலிட்டி இன்சூரன்ஸ், குடும்ப விடுப்பு இன்சூரன்ஸ் என்று நீளும். அங்கே நானாக இருந்தால் பேசாமல் பேரோலுக்குக் காசு கட்டிவிடுவேன்.

எந்த வழியானாலும் வாரம் 600 டாலர் என்பது பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முன்பு என்றால் அவர் கைக்குப் போவது அதிகபட்சம் 554 டாலர் 10 சென்ட்.