துருக்கி மொழி ஆப்: மூன்று மாதம் காசு கட்டிப் படித்ததில் கண்டது

கப்பலூர் சிட்கோவில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் துருக்கியிலிருந்து ஒரு பேக்கிங் மெஷின் வருகிறது, அதை மாட்டிக் கொடுக்க அங்கிருந்தே ஒரு டெக்னீஷியன் வருகிறார், அவருக்கு ஆங்கிலம் அரைகுறைதான் என்று தெரிந்ததும் மொழி கற்கும் ஆப் ஒன்றை போனில் இறக்கினேன். மூன்று மாதத்துக்கு 899 ரூபாய். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிக் கப்பலூரில் இறங்கும்வரை, போகும்போதும் வரும்போதும் அதுதான் வேலை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர் இதை எப்படிப் படிக்க வேண்டும் என்பது வேறு கதை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் பதிவுகள் தெளிவு, பழைய வார்த்தைகளைச் சரியான நேரத்தில் திரும்பக் கேட்கிறது. எழுத்துகள் இரண்டே நாளில் பிடிபட்டன. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய மொழி, மொத்தம் 29 எழுத்து, எழுதியிருப்பதை ஏறக்குறைய அப்படியே வாசிக்கலாம்.

குறை என்னவென்றால், எல்லா விளக்கமும் ஆங்கிலக்காரருக்காக எழுதியது. ஆங்கில ஐ (i) எழுத்து மேலே புள்ளியில்லாமல் ஒன்று (ı) வரும். அதை உச்சரிக்க உதட்டைக் குவிக்காதே, நாக்கைப் பின்னால் இழு என்று ஒரு பாடமே நடத்துகிறார்கள். 'காசு', 'பாட்டு' என்று நாம் முடிக்கும்போது கடைசியில் வருகிறதே குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதேதான். 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள், 'எவ்லெரிமிஸ்தென்' எங்கள் வீடுகளிலிருந்து. இதைத் துண்டு துண்டாக வெட்டி, தலைகீழாக அடுக்கி, ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறது ஆப். நமக்கு எதற்கு அந்தச் சுற்று? 'கிதாப் ஒகுதும்' புத்தகம் படித்தேன், 'கிதாபு ஒகுதும்' புத்தகத்தைப் படித்தேன். ஐ உருபு எப்போது வரும், எப்போது வராது என்பது தமிழில் நமக்குத் தானாக வருகிறது, அங்கேயும் பெரும்பாலும் அதே கணக்குதான். 'கிதாப் மிதாப்' என்றால் புத்தகம் கித்தகம், அதைக்கூட விளக்க ஒரு பக்கம்!

எனக்கு மிகவும் பிடித்தது 'மிஷ்' விகுதி. 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். மற்றவர் சொல்லிக் கேட்டதற்கு வினைச்சொல்லிலேயே அடையாளம் வைக்கும் பழக்கம் நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் இருக்கிறது, ஆங்கிலத்தில் அதற்குத் தனி வாக்கியம் வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: காலையில் எழுந்து தரை நனைந்திருப்பதைப் பார்த்தாலும் அவர்கள் மிஷ்தான் போடுவார்கள், நாம் அங்கே 'மழை பெய்திருக்கிறது' என்போம். இதை ஆப் சொல்லவில்லை, நோட்டில் நானே எழுதி வைத்துக்கொண்டேன்.

பள்ளியில் இந்தி படித்தபோது நாற்காலி பெண்பால், கதவு ஆண்பால் என்று மனப்பாடம் செய்தவன் நான். துருக்கியில் அந்தத் தொல்லையே கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓ' ஒன்றே போதும். இதில் நம்முடையதை விடவும் எளிது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. சொல்லில் இருக்கும் உயிரெழுத்துக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாற வேண்டும்: வீடுகள் 'எவ்லெர்', குதிரைகள் 'அத்லார்'. ஒரு மாதம் தடுமாறினேன். பேசிக் காட்டும் பகுதி சுத்த வேஸ்ட். திருப்பரங்குன்றம் தாண்டும்போது நான் வாயே திறக்கவில்லை, கண்டக்டர் விசில் அடித்தார், ஆப் பச்சை டிக் காட்டியது. உச்சரிப்பை இதை நம்பிப் பழகாதீர்கள்.

உறவுமுறை பாடத்தில்தான் கோபமே வந்தது. அம்மாவின் சகோதரி 'தெய்ஸே', அப்பாவின் சகோதரி 'ஹாலா', தாய்மாமா 'தாயு', அப்பாவின் சகோதரர் 'அம்ஜா'. நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறார்கள், ஆப்போ எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று இரண்டு டப்பாவில் அடைக்கிறது. 'அபி' என்றால் அண்ணன். அதற்கு வெறும் 'பிரதர்' என்று போட்டிருக்கிறார்கள். டெக்னீஷியன் வந்த முதல் நாள் கம்பெனி வாசல் டீக்கடையில் 'சாய் வார் மு?' என்று கேட்டு, டீ இருக்கிறதா என்கிறார் என்று நான் சொல்வதற்குள், மாஸ்டரை 'அபி' என்று கூப்பிட்டார். அண்ணே என்கிறார் என்று சொன்னேன். மாஸ்டர் கண்ணாடி டம்ளரை இன்னொரு முறை கழுவி டீ ஊற்றினார்.

இரண்டாம் வாரம் வாட்ச்மேன் போனில் கூப்பிட்டு ஸ்பேர் பார்ட் வந்துவிட்டது என்றார். நான் டெக்னீஷியனிடம் 'பார்ச்சா கெல்மிஷ்' என்றேன். நான் கண்ணால் பார்க்கவில்லை என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது, ஸ்பேனரை வைத்துவிட்டு அவரே கேட்டுக்குப் பார்க்கப் போனார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கப் போகிறேன், பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து ஒவ்வொரு விகுதிக்கும் நேர் தமிழை எழுதிக்கொள்வது என்ற நிபந்தனையோடு.