649 ரூபாய் இறகுக் குச்சி: பூனை, நாய் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த ஜூலை மாதம், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு விற்பனையாளரிடமிருந்து எங்கள் பூனைக்கும் நாய்க்கும் சேர்த்து நான்கு விளையாட்டுப் பொருள்கள் கொண்ட பாக்கெட் ஒன்றை 649 ரூபாய்க்கு வாங்கினேன். இறகும் சிறு மணியும் கட்டிய எலாஸ்டிக் கயிறு தொங்கும் குச்சி, கீச்சென்று ஒலிக்கும் பொம்மை, பந்து, எலும்பு வடிவில் கடிப்பதற்கான பொருள் ஆகியவை அதில் இருந்தன. கால்நடை மருத்துவர்கள் அங்கீகரித்தவை, நூறு சதவீதம் இயற்கை ரப்பரால் ஆனவை, எவ்வளவு கடித்தாலும் உடையாதவை என்று விளம்பரம் சொன்னது. அந்த மூன்றில் ஒன்றையும் நம்பியிருக்கக் கூடாது என்பதை, எங்கள் மூன்று வயதுப் பூனையின் வயிற்றைத் திறந்து தைத்த பிறகே அறிந்துகொண்டேன். அதே பாக்கெட் இன்றும் விற்பனையில் இருப்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

வாங்கிய ஐந்தாம் நாள் இரவு, விளையாடி முடித்த குச்சியை சோபாவின் மேலேயே விட்டுவிட்டுத் தூங்கச் சென்றேன். காலையில் வெறும் குச்சி தரையில் கிடந்தது, இறகுகள் சிதறியிருந்தன, கயிற்றையும் மணியையும் காணவில்லை. எங்கேயாவது உருண்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அன்று மாலை பூனை உணவை முகர்ந்துவிட்டு விலகியது, இரவில் இரண்டு முறை வாந்தியெடுத்தது, மறுநாள் தண்ணீரும் குடிக்காமல் பீரோவுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. வயிற்றில் முடி சேர்ந்திருக்கும், தானே சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னதை நம்பி ஒரு பகலை வீணாக்கினேன்.

மருத்துவர் முதலில் செய்தது வாயைத் திறந்து பார்த்ததுதான். தாடைக்குக் கீழே கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் நாக்கு மேலே எழும்பியது. அதன் அடியில் அந்த எலாஸ்டிக் கயிறு வளையமாக மாட்டிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியிருந்தது. உடன் வந்த என் தம்பி அதைப் பிடித்து இழுக்கக் கை நீட்டியபோது மருத்துவர் வேகமாகத் தடுத்தார். ஏன் இழுக்கக் கூடாது என்று அவர் அப்போது விளக்கியதை, பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

பூனையின் நாக்கில் இருக்கும் சிறு முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை என்பதால், நூலோ ரிப்பனோ கம்பளி இழையோ வாய்க்குள் நன்றாகப் போய்விட்டால் அதைத் துப்புவது பூனைக்குக் கடினம். உள்ளே விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் கீழ்வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் இயல்பான அசைவால் முன்னே தள்ள முயன்றுகொண்டே இருக்கும். கயிறு நகராது, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக்கொள்வதுபோல் குடல்தான் கயிற்றின் மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஏறும். பிறகு ஒவ்வொரு அசைவிலும் இறுகிய கயிறு குடல் சுவரை அறுக்கும். ஓட்டை விழுந்தால் குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ தெரியும் முனையை நாம் பிடித்து இழுத்தால், நாள் கணக்கில் நடக்கும் அந்த அறுப்பை ஒரே நொடியில் நாமே செய்துவிடுகிறோம்.

எக்ஸ்ரேயில் கயிறு தெரியவில்லை, மணி மட்டும் தெரிந்தது. ஸ்கேனில் குடல் மடிப்புகள் தெரிந்தவுடன் அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். நாக்கின் அடியில் கயிற்றை வெட்டிவிட்டு, இரைப்பையை ஓரிடத்திலும் குடலை இரண்டு இடங்களிலும் திறந்து எடுத்த கயிறு 47 சென்டிமீட்டர் இருந்தது. நல்லவேளையாகக் குடலில் ஓட்டை விழவில்லை. பத்து நாள் கழுத்தில் கூம்புடன் நடமாடிய பின்பு பூனை தேறிவிட்டது. செலவு 31,000 ரூபாயைத் தாண்டியது.

விற்பனையாளருக்குக் கயிற்றின் படத்தையும் மருத்துவ அறிக்கையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் கேட்டது பொருளின் விலையைக்கூட அல்ல, மற்றவர்களுக்கு விற்பதை நிறுத்துங்கள் என்பதைத்தான். "பூனையைக் கவனிக்காமல் விட்டது உங்கள் தவறு மேடம், பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது" என்று பதில் வந்தது. குச்சியை வெளியே விட்டது என் தவறுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளையாடி முடித்ததும் எடுத்து வைக்க வேண்டும் என்ற ஒரு வரி எச்சரிக்கைகூட அந்த அட்டையில் இல்லை. அங்கீகரித்த மருத்துவர் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. விளம்பரத்தின் கீழ் நான் எழுதிய கருத்து அரை மணி நேரத்தில் நீக்கப்பட்டது, அடுத்த நாள் என் எண்ணும் தடுக்கப்பட்டது.

அதன் பிறகு மீதமிருந்த பொருள்களை எடுத்துவைத்து ஆராய்ந்தேன். கயிற்றைக் குச்சியில் முடிச்சுப் போட்டுக் கட்டவில்லை, பசையால் ஒட்டியிருந்தார்கள். கலப்பில்லாத இயற்கை ரப்பர் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதன் துண்டு மிதக்கும். எலும்பு வடிவப் பொருளிலிருந்து வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டவுடன் நேராக அடியில் போய் உட்கார்ந்தது. எங்கள் நாட்டு நாய் கீச்சுப் பொம்மையைக் கிழித்து உள்ளிருந்த பிளாஸ்டிக் குமிழை வெளியே எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்திலேயே இருந்ததால் விழுங்குவதற்குள் பிடுங்க முடிந்தது. தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம் என்ற எதுவும் அட்டையில் இல்லை.

இங்கே ஒரு செய்தியை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆணை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு மட்டுமே உரியது. நாய், பூனைக்கென்று விற்கும் பொருள்கள் அதற்குள் வருவதில்லை. அட்டையில் அச்சிட்ட "பாதுகாப்பானது" என்ற சொல்லுக்குப் பின்னால் விற்பவரின் வாக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஆயினும் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், புகார் தெரிவிக்கும் தொடர்பும் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வும் காண வேண்டும். இவற்றைக் குறிப்பிட்டுத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பாக்கெட்டின் அட்டை, பணம் செலுத்திய ரசீது, விளம்பரத்தின் படம் ஆகியவற்றை நான் எடுத்து வைத்திருந்தது இப்போது பயன்படுகிறது. நீங்களும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பொருள் வாங்கும் முறை மாறிவிட்டது. எதை வாங்கினாலும் முதலில் நான் இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறேன். ஒட்டிய கண், மூக்கு, மணி எதுவாக இருந்தாலும் பிய்த்து எறிந்த பிறகே கொடுக்கிறேன். நாய்க்கான பொருள் அதன் கடைவாய்ப் பற்களைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் சிறிதாவது தடம் பதிய வேண்டும். தடமே பதியாத மான்கொம்பு, குளம்பு, வெந்த எலும்பு போன்றவற்றைக் கடித்து மேல்வரிசைப் பெரிய பல் பிளந்துபோகும் நாய்கள் ஏராளம் என்று எங்கள் மருத்துவர் சொல்கிறார். உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொருளில் இரண்டு துளைகள் இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒரே துளை என்றால் காற்று வெளியேற வழியின்றி நாக்கு அதற்குள் உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்ளக்கூடும். தேங்காய் மட்டையை நாய்க்குப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் நாரும் விழுங்கினால் கயிறுதான் என்பதால் அதையும் நிறுத்திவிட்டோம். மின்னும் விளக்கும் பொத்தான் பேட்டரியும் உள்ள பந்துகளைத் தொடுவதே இல்லை, அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் மிகக் குறைந்த நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

பூனையின் விளையாட்டை மட்டும் நிறுத்தவில்லை. பதுங்குவதும் துரத்துவதும் பாய்ந்து பிடிப்பதும் அதன் இயல்பு. அது இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பூனை சோர்ந்துவிடும். கசக்கிய காகிதப் பந்து, அட்டைப்பெட்டி, டேபிள் டென்னிஸ் பந்து ஆகியவையே அதற்குப் போதுமானவையாக இருக்கின்றன. கயிறு கட்டிய குச்சியை என் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விளையாடுவேன், முடிவில் அதைப் பிடிக்கவும் விடுவேன், பிறகு பூட்டும் அலமாரிக்குள் வைத்துவிடுவேன்.

மணியும் இறகும் கட்டிய எலாஸ்டிக் கயிறுள்ள குச்சி உங்கள் வீட்டில் வெளியே கிடந்தால் இன்றே எடுத்து உள்ளே வையுங்கள், பசையால் ஒட்டியது என்றால் கயிற்றை வெட்டி எறிந்துவிடுங்கள். கயிறு ஏற்கெனவே காணாமல் போயிருந்தால், பூனை நலமாக இருப்பதுபோல் தெரிந்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்; நாக்கின் அடியைப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.