சங்கமா, குடையா, கம்பெனியா, டிரஸ்டா? வரைபடத் தன்னார்வலர் குழுவைப் பதிவு செய்யும் வழிகள்

"பதிவு செய்துவிடலாம்" என்ற பேச்சு ஒரு தன்னார்வ வரைபடக் குழுவில் பெரும்பாலும் மூன்று காரணங்களால் கிளம்பும். யாரோ நிதி தர முன்வருவார்கள், வாங்கிப் போட வங்கிக் கணக்கு இருக்காது. இணையதளப் பெயரும் சர்வரும் ஒரே ஆளின் கார்டில் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது ஒரு அரசுத் துறை தரவைத் தரச் சம்மதித்துவிட்டு, "யார் கையெழுத்துப் போடுவீர்கள்?" என்று கேட்கும்.

இந்த மூன்றாவதுக்குப் பல நேரம் பதிவே தேவைப்படாது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் கட்டற்ற உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் வெளியாகிறது. "எங்கள் தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதன் உரிமப்படி பயன்படுத்தலாம்" என்று உரிமையாளர் எழுத்தில் கொடுத்தால் போதும். மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி பை 4.0 உரிமத்தில் ஏற்கெனவே வெளியான தரவுக்கும் இந்தக் கடிதம் வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஆக, பதிவு என்பது பணத்துக்கும் சொத்துக்கும் வேலைக்கு ஆள் வைப்பதற்கும்தான். இதில் தெளிவு வந்துவிட்டால் வழிகளை ஒப்பிடுவது எளிது.

குடை அமைப்பு

ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பின் கீழ் ஒதுங்குவது. இத்தாலியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கிளையாக இருப்பது விக்கிப்பீடியா ஆர்வலர்களின் சங்கமான விக்கிமீடியா இத்தாலியா. ஜெர்மனியில் கட்டற்ற புவித்தகவல் மென்பொருளுக்கான ஃபாஸ்ஜிஸ் சங்கமே அந்த இடத்தில் இருக்கிறது. ஆடிட்டர், ஆண்டறிக்கை, ரசீது எல்லாம் குடைக்காரர் பொறுப்பு. அதற்காக வரும் தொகையில் 5 முதல் 15 சதவீதம் வரை பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம்.

சிக்கல் வெளியேறும்போதுதான் தெரியும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குழுக்களுக்குக் குடையாக இருந்த ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 தொடக்கத்தில் கலைப்பை அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாக் குழுக்களும் பணத்தைச் செலவழிக்கவோ வேறிடம் மாற்றவோ வேண்டியதாயிற்று. அதனால் ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: குழுவின் பணத்துக்குத் தனிப் பேரேடு, செலவுக்கு ஒப்புதல் தரும் இரண்டு பேரின் பெயர், வெளியேற 90 நாள் அவகாசத்தோடு மீதித் தொகை மாறும் வழி, இணையதளப் பெயர் குழுவிடமே இருக்கும் என்ற வரி.

உறுப்பினர் சங்கம்

பிரான்சில் 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தாலே சங்கம் தொடங்கலாம். ஜெர்மனியில் பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். வாக்குரிமை உறுப்பினர் கையில் இருப்பதால், வரைபடக் குழுவின் இயல்புக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனால் சங்கம் பிழைப்பதும் முடங்குவதும் பைலா எனப்படும் சங்க விதிகளில்தான். பதிவு அலுவலகத்தில் கிடைக்கும் மாதிரிப் பைலாவை அப்படியே நிரப்பிக் கொடுத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

முதலாவது, கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை உறுப்பினர் வர வேண்டும் என்பது. மாதிரிப் பைலாவில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு என்று இருக்கும். 200 உறுப்பினர் இருந்தால் 67 பேர் வந்தாக வேண்டும். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும், பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்தே இராத குழுவில் அது நடக்காது. கூட்டம் கூடாவிட்டால் தேர்தல் இல்லை, தேர்தல் இல்லாவிட்டால் வங்கியில் கையெழுத்து மாற்ற முடியாது. கோரத்தைப் பத்து சதவீதமாக்குங்கள். கோரம் சேராமல் ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்றும் எழுதுங்கள். இணையவழிக் கூட்டமும் மின்வாக்கும் செல்லும் என்று தனி விதி போடுங்கள். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் பதிவாளர் கேள்வி கேட்பார். இவற்றை உங்கள் நாட்டுச் சட்டம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்பதை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, யார் உறுப்பினர் என்பது. கட்டணம் கட்டினால் போதும் என்று விட்டால், பணம் உள்ளவர் சங்கத்தையே வாங்கிவிடலாம். 2018 இறுதியில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் பின்னால் நிற்கும் சட்ட அமைப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறநிறுவனத்தின் தேர்தலுக்குச் சற்று முன் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஏறத்தாழ நூறு பேர் மொத்தமாக உறுப்பினரானது பெரிய சர்ச்சையாயிற்று. சேர்ந்து இத்தனை நாள் ஆன பிறகே வாக்கு என்ற விதி இதற்குத்தான். இன்னொரு பக்கம், கட்டணம் கட்ட வசதியில்லாத நல்ல வரைஞர் வெளியே நின்றுவிடக் கூடாது. ஓராண்டில் 42 நாள் வரைந்திருந்தால் கட்டணமின்றி உறுப்பினராகலாம் என்று அந்த அறநிறுவனம் பின்பு வைத்த வழி எடுத்தாளத் தக்கது.

பங்கு இல்லாத கம்பெனி

பங்குதாரர் இல்லாமல், கலைந்தால் ஒரு சிறு தொகை தருவோம் என்ற உறுப்பினர் உத்தரவாதத்தின் மேல் நிற்கும் கம்பெனி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறநிறுவனமே 2006-இல் இங்கிலாந்தில் இப்படித்தான் பதிவானது. சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் பெரிய ஒப்பந்தம் போடவும் சங்கத்தைவிட இது உறுதி. இயக்குநரின் கடமை, பொறுப்பு எல்லாம் சட்டத்திலேயே எழுதியிருக்கும். பிரிட்டன் கிளை இதையொட்டிய சமூக நலக் கம்பெனி வடிவத்தை எடுத்தது. அதில் சொத்து வெளியே போகாதபடி பூட்டு உண்டு. ஆனால் அந்த வடிவத்தில் அறக்கொடை அமைப்புக்குரிய வரிச் சலுகை கிடையாது.

ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் அபராதம் விழும், விட்டுவிட்டால் கம்பெனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். வரைபட உலகத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது: நிறைய நல்ல வரைஞர்கள் புனைபெயரில்தான் இயங்குகிறார்கள். இயக்குநரானால் சட்டப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படிவம் நிரப்பும்போது அவர் பின்வாங்கினால் யாரைக் குறை சொல்வது?

அறக்கட்டளை

சீக்கிரம் முடியும், இரண்டு மூன்று பேர் போதும். அதுவேதான் குறையும். அறங்காவலர்களை மாற்றச் சமூகத்துக்குச் சட்டப்படி வழி இராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அதிகாரப்பூர்வக் கிளையாக வேண்டுமானால் யாரும் சேரக்கூடிய உறுப்பினர் முறை வேண்டும். டிரஸ்டில் அதற்கு இடமில்லை. வைப்பு நிதி ஒன்றைக் காப்பதற்கு மட்டும் பொருந்தும்.

எங்கள் தேர்வு

ஆண்டு வரவு ஒரு சந்திப்புச் செலவைத் தாண்டாத வரை குடை. தொடர்ந்து இரண்டு ஆண்டு நிதி வந்து, பொருளாளர் வேலையை விருப்பத்தோடு செய்ய இரண்டு பேராவது கிடைத்தால் சங்கம். முழுநேர ஊழியர் வைப்பது உறுதியானால் மட்டுமே கம்பெனி. தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். பொருளாளருக்கு ஆள் கிடைக்காவிட்டால் பதிவைத் தள்ளிப்போடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பெயரில் அவசரம் கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது பதிவான வணிகக்குறி. அறநிறுவனத்தின் அனுமதி வாங்காமல் அந்தப் பெயரில் பதிந்துவிட்டால் பிறகு முத்திரை, வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாவற்றையும் மாற்ற நேரலாம். முதலில் அனுமதிக் கடிதம், பிறகு பதிவு.

புது அமைப்பு கூலி கொடுத்தோ திட்டம் போட்டோ வரையச் செய்தால், 2018-இல் வந்த ஒழுங்கமைத்த திருத்தப் பணிக்கான வழிகாட்டுதல் பொருந்தும்: திட்டப் பக்கம், ஹேஷ்டேக், பங்கேற்கும் கணக்குகளின் பட்டியல் ஆகியவற்றை முன்கூட்டியே வெளியிட வேண்டும். நிதி தருபவர் "இத்தனை ஆயிரம் கட்டடம்" என்று இலக்கு வைத்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய, மூலை கோணலான கட்டடங்கள்தான் வந்து குவியும், துப்புரவு பழைய வரைஞர்கள் தலையில் விழும். நேரில் சென்று சரிபார்க்கும் பயணத்துக்கும் பயிற்சிக்கும் காசு கேளுங்கள்.

பைலாவில் இன்னும் இரண்டு வரி. அமைப்பு வரைபடச் சமூகத்துக்குத் துணை நிற்கும், வரைபடத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. கலைந்தால் மீதிச் சொத்து ஒத்த நோக்கமுள்ள அமைப்புக்கே போகும், உறுப்பினர்களுக்குப் பிரியாது. பதிவுச் சான்று கைக்கு வந்த வாரமே இணையதளப் பெயரை அமைப்பின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் அதிகாரத்தையும் இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள்.